உப்புத் தண்ணீர்ப் பாட்டு

ஷிரே ஆற்றங்கரை ஊர்களில் யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் என்றாலும் ஃபலேசியைத்தான் தேடி வருவார்கள். உரலில் சோளம் இடிக்கும்போது அதை அவள் பாட்டாகக் கட்டிவிடுவாள். குடிகாரப் புருஷன், கஞ்ச நாத்தனார், ஊர்த்தலைவர் என்று ஒருவரும் தப்பியதில்லை. நேரே சொன்னால் சண்டை. பாட்டில் சொன்னால் கேட்டவர் கோபப்படக் கூடாது, திருந்தத்தான் வேண்டும். ஐம்பது வயதுவரை அந்த வழக்கம் அவளைக் கைவிட்டதில்லை.

ஊருக்கு அடிபம்பு போட்டுக் கொடுத்த வெளிநாட்டு அமைப்பினர் அதைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பம்பில் தண்ணீர் என்னவோ கொட்டியது. வாயில் வைக்க முடியாத உப்பு. பெண்கள் பழையபடி முதலை கிடக்கும் ஆற்றுக்கே வாளி சுமந்தார்கள். இன்னும் ஒரே ஒரு கிணறு போடத்தான் அந்த அமைப்பிடம் வசதி இருந்தது. அது எந்த ஊருக்கு என்பதை நேரில் பார்த்த பிறகு முடிவு செய்வார்களாம். ஃபலேசி அவர்களுக்கென்று ஒரு பாட்டுக் கட்டத் தொடங்கினாள்.

"அத்தே, தண்ணி உப்பு, வேற கிணறு வேணும்னு நேரா சொல்லிடலாமே. இதுக்கு எதுக்குப் பாட்டு?" என்றாள் மருமகள் லெசினாட்டி.

"விருந்தாளி மூஞ்சிக்கு நேரா குறை சொல்றதா? உங்க அம்மா வீட்ல அப்படித்தான் பழக்கமோ?"

"எங்க அம்மா வீட்ல தண்ணி நல்லாருக்கும் அத்தே. சொல்ற அவசியமே வரல."

ஃபலேசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தன் பேச்சிலிருந்து அவள் இறங்கி வரவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். பத்துப் பெண்கள் கைதட்டி நிற்க, ஃபலேசி பாட்டை எடுத்தாள். கிணறு தந்த நல்லவர்களே, அதில் உப்பை ஏன் போட்டீர்கள், எங்கள் பெண்கள் ஆற்றுக்குப் போகிறார்கள், முதலைக்கு யார் பதில் சொல்வது. அவ்வளவும் அதில் இருந்தது. மெட்டுதான் பாவம், துள்ளலாக அமைந்துவிட்டது. வந்தவர்களில் நெட்டையாக இருந்த அம்மாள் எழுந்து ஆடவே தொடங்கிவிட்டாள். பாட்டு என்ன சொல்கிறது என்று அவள் கேட்டதற்கு, உடன் வந்த மொழிபெயர்ப்பாளன் கிரேசன், "நன்றி சொல்கிறார்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

அவர்கள் மொழியில் அவன் சொன்னது ஃபலேசிக்கு எப்படித் தெரியும்? "காதுல போட்டாச்சு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். விருந்தாளிகள் கோழியும் சோளக்களியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். புதுக் கிணறு வேறு ஊருக்குப் போனது.

வெயில் ஏறிய மாதத்தில் ஒரு காலை லெசினாட்டி ஆற்றுக்குப் போனாள். வாளி மட்டும்தான் கிடைத்தது.

ஃபலேசிக்கு ஆற்றின்மேல் கோபம் வரவில்லை, முதலையின்மேலும் வரவில்லை. தன் வாய்மேல்தான் வந்தது. அந்தப் பெண் சொன்னதைக் கேட்டிருந்தால், அன்றைக்கு நாலு வார்த்தை நேராகப் பேசியிருந்தால் என்று நெஞ்சு அறுத்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு அவள் உரலடியில் வாயே திறக்கவில்லை.

அடுத்த வருஷம் அவர்களே மறுபடி வந்தார்கள். நெட்டை அம்மாளுக்கு ஃபலேசியை நன்றாக நினைவிருந்தது. அதே பாட்டைப் பாடச் சொல்லி, அர்த்தம் தெரியாமலே ஓரடியைத் தானே சிரித்துக்கொண்டு பாடிக் காட்டினாள். அது முதலை வரும் அடி. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஃபலேசி முன்னால் வந்தாள். "கிரேசன் தம்பி, பாட்டு வேணாம். நான் சொல்றத அப்படியே சொல்லு. பம்பு தண்ணி உப்பு. மொத நாள்லேருந்தே உப்பு. ஆத்துக்குப் போன என் மருமகள முதலை கொண்டுபோயிடுச்சு."

கிரேசன் சொன்னான். அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. மெதுவாக ஏதோ கேட்டாள். அதைச் சொல்ல அவன் தயங்கினான்.

"போன வருஷமே ஏன் சொல்லலன்னு கேக்கறாங்க அக்கா."

பெண்கள் கொதித்துப் போனார்கள். "சொன்னோம்னு சொல்லு அக்கா. நீதானே பாட்டு கட்டின" என்றாள் ஒருத்தி.

ஃபலேசி தலையை அசைத்தாள். "சொல்லல தம்பி. பாடினேன்."