போன் உயர்ந்ததும் நிமிர்ந்து நின்றவள்

“படிச்சு முடிச்சா, நாலு பேரு முன்னால என்னைய அம்மான்னு சொல்லுவியா கண்ணு?”

கல்லூரியில் சேர்ந்த அன்று அம்மா கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சந்தேகம் எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த மாதம் மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து கீழே சேந்தமங்கலத்துக்கு இருவரும் பஸ் ஏறினோம். முன் சீட்டில் என் வகுப்புத் தோழி இருந்தாள். அம்மாவைப் பின்னால் விட்டுவிட்டு அவளோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் அம்மா ஜன்னல் வழியாக வாந்தியெடுத்தாள். எதிரே ஏறி வந்த சுற்றுலாக் காரின் கண்ணாடியில் விழுந்தது.

காரைப் பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு அதிலிருந்த இளைஞர்கள் அவளைக் கீழே இறக்கினார்கள். ஒருவன் போனைத் தூக்கினான்.

அம்மாவுக்கு முன்னால் போனைத் தூக்கும் ஒரே ஆள் நூறு நாள் வேலையில் வருகை எடுப்பவர்தான். ஆடினால் போட்டோ விழாது, வருகை போய்விடும். அதனால் வாயைத் துடைத்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றாள். பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாவற்றையும் கேட்காமலே ஒப்பித்தாள்.

“காலையில என்ன தின்ன, ஆயா?”

“களிங்க சாமி.”

“கார்லயே தெரியுது. எங்க, சிரி.”

சிரித்தாள். “பதிஞ்சிருச்சுங்களா?”

பஸ்ஸே சிரித்தது.

“யாருடி அது, உங்க ஊரா?” என்றாள் தோழி.

“தெரியலடி.”

திரும்ப ஏறிய அம்மா என்னைக் கூப்பிடாமல் கடந்து போனாள்.

ஒரே வாரத்தில் அந்த வீடியோ எல்லாருடைய போனிலும் இருந்தது. சந்தைக்கு மிளகு கொண்டுபோனவளிடம், “ஏனுங்க, பதிஞ்சிருச்சுங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். “ரோட்டுல நின்னா யாரு வேணா எடுக்கலாம்டி, அதுல என்ன தப்பு?” என்றாள் தோழி. நான் தலையாட்டினேன். வீடியோவின் ஓரத்தில், பஸ் ஜன்னலில், குனிந்து போனைப் பார்ப்பதுபோல நானும் இருக்கிறேன் என்பதை அவள் கவனிக்கவில்லை.

இப்போது வேலை நடக்கும் இடத்தில் போன் உயர்ந்தாலே அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். நாளெல்லாம் மண் வெட்டியவள் வரவில்லை என்று பதிவாகிறது.

அந்த வீடியோ எடுத்தவர்கள் மீது புகார் மனுவை நானே எழுதினேன். உறவு: மகள். நேரில் பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். அவளைத் தெரியாது என்று நான் சொன்னதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்திட்டு, நேற்றுக் காலை காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டேன்.