காய்ச்சல் தாளில் பென்சில் புள்ளி

வார்டில் அந்த நர்ஸுக்குப் புள்ளிக்காரி என்றுதான் பேர். காய்ச்சல் அளவைக் குறிக்கும் தாள் கட்டிலின் காலடியில் தொங்கும். மாத்திரைத் தாள் நர்ஸ் மேசை இழுப்பறையில் கிடக்கும். இரண்டும் முகம் பார்த்துக்கொண்டதே இல்லை. இவளோ மாத்திரை கொடுத்த நேரத்தையும் காய்ச்சல் தாளிலேயே பென்சிலால் புள்ளி வைத்துவிடுவாள். தலைமை நர்ஸ் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். பத்து வருஷப் பழக்கம், திட்டினால் போய்விடுமா?

ஏழாம் கட்டிலில் ஒரு வெல்டர். குடல் புண்ணுக்காக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வார்டுக்கு வந்து மூன்று நாளாக நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், கழுத்தெல்லாம் சிவந்த தடிப்பு. கிருமிதான் என்று நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அன்றே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை. அதற்காக இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினார்கள். காய்ச்சல் இறங்கியது, நல்ல பேரெல்லாம் ஏற்றின மருந்துக்கு! மூன்றாம் நாள் காலையில் மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் காய்ச்சல் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. நோய் முற்றுகிறது என்று, நாளை முதல் இரட்டை மாத்திரை எழுதிவிட்டுப் போனார் பெரிய டாக்டர்.

அவள் தாளைப் பார்த்தாள். புள்ளி இருந்த நாளெல்லாம் காய்ச்சல். புள்ளி இல்லாத இரண்டு நாளும் இல்லை. கொக்கியிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு ஒரே ஓட்டம். படிக்கட்டில் டாக்டரைப் பிடித்துவிட்டாள்.

மாத்திரையே ஒத்துக்கொள்ளாமல் இப்படி ஆவது அபூர்வம், தான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை என்றார் அவர். அன்று காய்ச்சல் இறங்கியது ஏற்றின மருந்தால், இன்று ஏறியது குடல் புண் முற்றியதால், அவ்வளவுதான் என்று இறங்கப் போனார். அவள் வழியை விடவில்லை.

"அந்த மருந்து ஒரு வேளைகூட நிக்காம ஏறிக்கிட்டேதான் இருக்கு, டாக்டர். இன்னிக்குப் புதுசா உள்ளே போனது அந்த மாத்திரை மட்டும்தான்."

டாக்டர் தாளை வாங்கி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை விரலை ஓட்டிப் பார்த்தார். நாளைக்கு இரட்டையாகப் போயிருந்தால் ஆளையே தூக்கியிருக்கும் என்று மெல்லச் சொன்னார். வார்டுக்குத் திரும்பி, மாத்திரைத் தாளில் அதைக் கோடு போட்டு அடித்தார். இனி எக்காலத்திலும் இவருக்கு இது கூடாது என்று நோய்க்குறிப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார்.

அடுத்த நாள் சாயங்காலம் தொண்ணூற்றெட்டு. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பப் பார்த்தாள், தெர்மாமீட்டரை மாற்றியும் பார்த்தாள்.

"இன்னொரு தடவை வைக்கட்டுமாண்ணே?"

"நாலு தடவை வச்சாச்சு, சிஸ்டர்," என்றார் வெல்டர். "எனக்குப் பசிக்குது."