கல்லைத் தொட்டுப் பார்த்தோம்

என் ஓரகத்தி இறந்து மூன்றாவது மாதம், சமையலறை மேடைக்குக் கிரானைட் பார்க்க நானும் கொழுந்தனாரும் குன்னூருக்குப் போனோம். அவருடைய மனைவிதான் என் ஓரகத்தி. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், பதினான்கு வருடம் நானும் அவளும் சேர்ந்து சமைத்திருக்கிறோம்.

அதற்கு மேலும் தள்ளிப்போட முடியவில்லை. பழைய கடப்பாக்கல் மேடை விரிசல் விட்டு எறும்பு குடியேறியதால் அவள்தான் இடித்துவிடச் சொன்னாள். இடித்த மறுவாரம் காய்ச்சலென்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டில் மீதி எட்டுப் பேர். நடுக்கூடத்தில் தரையில் அடுப்பை வைத்து, குந்தியபடியே சமைத்துக்கொண்டிருந்தேன். நான்கு பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்குச் சப்பாத்தி, ஃபாக்டரிக்குப் போகும் என் கணவருக்குச் சோறு, மாமனாருக்குக் கஞ்சி. முழங்கால் வலித்தது. வேறெந்த வலியும் எனக்குத் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் காய்ந்த கண்களைக் கவனித்தது எனக்குத் தெரியும். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கடையில் கருப்புக் கல்லையே மூன்று விதமாக வைத்திருந்தார்கள். முகம் தெரிகிற பாலிஷ் ஒன்று. பளபளப்பில்லாத மேட் ஒன்று. தோல் மாதிரி லேசாகச் சொரசொரத்த லெதர் ஃபினிஷ் ஒன்று.

“கைய வெச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்” என்றார் கடைக்காரர்.

வைத்தேன். ஜனவரிக் குளிரில் மூன்றும் சில்லிட்டுக் கிடந்தன. விரல்கள் மரத்துப்போயிருந்தன. கொழுந்தனாரும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“எல்லாம் ஒண்ணாத்தானுங்க இருக்குது, அண்ணி.”

கடைக்காரர் எண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் கொண்டுவந்து மூன்றின் மேலும் ஊற்றி, சற்று நேரம் விட்டுத் துடைத்துக் காட்டினார். மேட் கல்லில் எண்ணெய் இறங்கித் திட்டாக நின்றது. பாலிஷில் கறை போய்விட்டது, ஆனால் அவருடைய விரல் தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. லெதரில் எதுவும் தெரியவில்லை.

“ஊட்டுல எத்தன பேருங்க சமைக்கறாங்க?”

“ரெண்டு பேருங்க” என்றேன்.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நான் திருத்திச் சொல்லவில்லை.

“அப்ப கை பட்டுட்டேதான் இருக்கும். பாலிஷ் போட்டா நாள் முச்சூடும் தொடச்சுட்டே நிக்கோணும். லெதர் எடுத்துக்குங்க. எலுமிச்ச, புளி சிந்துனா மட்டும் ஒடனே தொடச்சிருங்க.”

“அவ பாலிஷ்தான் கேட்டா” என்றார் கொழுந்தனார். காரியம் முடிந்தபிறகு அவர் அவளைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “மொகம் தெரியோணும்னு சொன்னா.”

கடைக்காரருக்குப் புரியவில்லை. பேனாவோடு காத்திருந்தார். நானோ துடைக்கிற துணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, தொடைக்கறதுக்கு நான் ஒருத்திதான இருக்கறேன்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமையான பேச்சென்று தெரிந்தது. அவர் கல்லிலிருந்து கையை எடுத்தார்.

“லெதரே போட்டுருங்க” என்று கடைக்காரரிடம் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்: “காலைல சப்பாத்தி மாவு நான் பெசஞ்சு தாரனுங்க, அண்ணி.”

“பெசையத் தெரியுமா?”

“தெரியாதுங்க. கத்துக்கறேன்.”

மேஸ்திரி அடுத்த வாரமே கல்லைப் பதித்துவிட்டார். அன்றிலிருந்து விடிந்ததும் கொழுந்தனார் அந்த மேடை முன்னால் நிற்கிறார். முதல் சில நாள் தண்ணீர் கூடிப்போய் மாவு கையோடு ஒட்டியது. பிள்ளைகள் அதையும் சாப்பிட்டார்கள். இப்போது பதம் வந்துவிட்டது. மாவு மட்டும் கல்லின் சொரசொரப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய டூத்பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுத்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார்.