அக்கா அழிக்காத பாதி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு மணி அடித்தது. திறந்தால் கீழ்வீட்டு அம்மையார். எல்லாம் நலம்தானா என்று கவலையோடு கேட்டார். ஜெர்மனியில் ஞாயிறு என்றால் ஊரே வாயைப் பொத்திக்கொள்ளும் நாள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, காலிப் போத்தலைக் கொண்டுபோய்த் தெருத் தொட்டியில் போடக்கூடாது. இந்த அமைதிக்கு ‘ரூஹெட்சைட்’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் நான் “மாடு போகுதுக்கா, வேலிய மூடு, வேலிய மூடு” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். தமிழ் தெரியாத காதுக்கு அது கொலை விழும் சத்தமாகத்தான் கேட்டிருக்கும். கணினி விளையாட்டு என்று விளக்கினேன். அவர் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். போகட்டும். நாற்பத்தாறு வயதில் மாடு மேய்ப்பதற்கு நான் வெட்கப்படுவதாக இல்லை.

அந்த மாடு எனக்கும் மல்லிகா அக்காவுக்கும் சொந்தமானது. அக்கா இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். நான் பிரேமன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இங்கே காலை பத்து என்றால் அங்கே பகல் இரண்டரை. அவள் சமையலை முடித்து, நான் காலைக்கு ஒரு துண்டு பாண் கடித்து, இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பண்ணைக்குள் இறங்குவோம். போன மாதம் வரை, மூன்று வருடங்களாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை. பண்ணை அவள் கணினியில்தான் இருக்கிறது. நான் விருந்தாளியாக உள்ளே போய் மாடாக உழைத்துவிட்டு வருவேன். கோஸ், கரட், உருளைக்கிழங்கு, ஒரு குளம், பதினொரு மாடுகள். அந்த விளையாட்டில் தேயிலைச் செடியும் உண்டு. அக்கா ஒன்றுகூட நட விடவில்லை. “அம்மா கொழுந்து ஆய்ஞ்சது போதும்டா” என்று முடித்துவிட்டாள்.

இங்கே தமிழர் ஒன்றுகூடல்களுக்குப் போனால் யாழ்ப்பாணத்து அண்ணன்மார் பாசமாகத்தான் விசாரிப்பார்கள். “தம்பி ஊரில எவ்விடம்?” அப்புத்தளை என்றதும், “ஓ, தோட்டப் பக்கமோ” என்பார்கள். பிறகு, தாங்கள் விட்டுவந்த வளவு, கிணறு, பனங்காணி என்று பேச்சு போகும். எனக்குச் சொல்ல எதுவும் இருக்காது. இழப்பதற்கும் ஒரு காணி வேண்டுமே! நாலு தலைமுறையாகத் தேயிலைக்குள் நின்ற எங்கள் குடும்பத்துக்குப் பெயர் எழுதிய நிலம் ஒரு சாண் இருந்ததில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அம்மா வெங்காய மணமுள்ள லீக்ஸ் போட்டிருந்தாள். அந்தத் துண்டில் புதுத் தேயிலைக் கன்று நடப்போகிறோம் என்று காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, கங்காணி சொன்னார். அன்று பின்னேரமே அம்மா விரல் தடிப்புக்கூட ஏறாத லீக்ஸையெல்லாம் பிடுங்கி லயத்துக்கே பங்கு வைத்தாள். அந்த வாரம் முழுக்க எல்லார் வீட்டிலும் ஒரே கறிதான். எனக்கு இன்றைக்கும் அந்த மணம் பிடிக்காது. ஆக, எங்கள் வம்சத்தில் வேலி போட்டு இது என்னுடையது என்று சொன்ன முதல் ஆட்கள் நானும் அக்காவும்தான். வேலி கணினிக்குள் இருந்தால் என்ன, வேலி வேலிதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தது. பால் காய்ச்சினார்கள், குடி போனார்கள். காணி உறுதிப் பத்திரம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் அங்கே எல்லாரும் செய்வதைத்தான் அக்காவும் செய்தாள். பழைய லயக் காம்பிராவை, அந்த ஒற்றை அறையை, திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு கட்டில், இரண்டு சட்டி, சாமிப் படம், வெள்ளிக்கிழமை விளக்கு, கதவில் அதே பழைய பூட்டு. ஆள் புது வீட்டில், பிடி பழைய காம்பிராவில். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று நான் ஜெர்மனிக்குப் புறப்பட்ட அன்றே என்னிடம் வந்தது.

போன மாதம் வந்தது வினை. அக்காவின் மடிக்கணினியில் இருந்த பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. புதியதோ அந்தக் கிழட்டு யந்திரத்தில் ஏறாது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த ஊரில் வேண்டாத பொருளை ‘ட்ஸு ஃபெர்ஷென்கன்’, சும்மா எடுத்துக்கொள், என்று எழுதி வாசலில் வைப்பார்கள். அப்படி மழையில் கிடந்த ஒரு கணினியைத் தூக்கி வந்து லினக்ஸ் போட்டுப் படித்தவன் நான். காசில்லை, பழைய யந்திரத்திலும் ஓடும் என்று பார்ப்பவரிடமெல்லாம் பிரசங்கம் செய்பவன். எங்கள் விளையாட்டு விண்டோஸுக்கென்றே எழுதியதுதான். ஆனாலும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக ஒரு மென்பொருளார் இருக்கிறார். லினக்ஸுக்குள் ஒரு மறைவான அடைவில், அதாவது ஃபோல்டரில், பொய்யாக ஒரு ‘சி டிரைவ்’ கட்டி, பொய்யாக விண்டோஸ் என்று பெயரும் வைத்துவிடுவார். விளையாட்டு தன் சொந்த வீட்டில் இருப்பதாக நம்பி ஓடும். சும்மா சொல்லக்கூடாது, சில நேரம் சொந்த வீட்டைவிட நன்றாகவே ஓடும்.

நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அக்கா தன் கையாலேயே லினக்ஸை ஏற்றினாள். எல்லாம் வந்தது. விளையாட்டு மட்டும் வரவில்லை. படம் தெரியும், செத்துப்போகும். ஒரு ஞாயிறு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அக்கா கணினி வட்டில் பாதியை விண்டோஸுக்கே விட்டிருக்கிறாள். விளையாட்டையும் அந்தப் பாதியிலேயே வைத்துக்கொண்டு, இந்தப் பக்கமிருந்து ஓட்டப் பார்த்திருக்கிறாள். குடியிருப்பது புது வீடு, சாமான் பழைய காம்பிரா! இதில் விண்டோஸுக்கும் ஒரு குணம் உண்டு. நிறுத்திவிட்டோம் என்று நாம் நினைப்போம், அது அரைத் தூக்கத்தில் தன் வட்டைப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கும். லினக்ஸ் எட்டிப் பார்க்கலாம், எழுத முடியாது. எழுத முடியாத இடத்தில் எந்த விளையாட்டு ஓடும்?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஒரு குரல்செய்தி அனுப்பினேன். எத்தனை காலத்துக்கு இரண்டு இடத்தையும் பிடித்துத் தொங்குவது, அந்தப் பாதியை முழுக்க அழி, விளையாட்டைப் புதிதாக இறக்கு, அவ்வளவுதான் என்று வாய் கிழியப் பேசினேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ‘ரிப்பேர் கஃபே’க்குப் போனேன். உடைந்த சாமான்களைத் திருத்திக்கொடுத்து கேக் தின்னும் இடம் அது. நான் அங்கே டியூப் ஒட்டுபவன். கணினி பார்ப்பவர் ஹோல்கர் என்ற ஓய்வுபெற்ற மனிதர்.

எங்கள் பண்ணை இரண்டு வாரமாக நின்றுபோனதை ஹோல்கரிடம் சொன்னேன். என் ஜெர்மன் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அவர் முகம் வாடிவிட்டது. எத்தனை ஹெக்டேர் என்று கேட்டார். மாடுகளுக்கு இப்போது யார் தீனி வைக்கிறார்கள் என்றும் கேட்டார். பக்கத்திலிருந்த பாட்டியம்மா ஒரு பெரிய துண்டு கேக்கை என் பக்கம் தள்ளினார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் நிலத்துக்காக வருத்தப்படுகிறார். ஒரு நிமிடம் பட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கேக் முடிந்த பிறகு, அது விளையாட்டு என்றேன். ஹோல்கர் கோபிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “சேமித்த பண்ணை எங்கே இருக்கிறது?”

விளையாட்டோடுதான் என்றேன். இல்லை என்றார். இந்த விளையாட்டு தன் சேமிப்பை விண்டோஸின் சி டிரைவில், ஆளின் பெயருள்ள அடைவுக்குள் வைக்கும். புதிதாக இறக்கினால் விளையாட்டு வரும், பண்ணை வராது.

அழி என்று சொன்னவன் நான். அதுவும் முழுக்க. வெளியே ஓடி வந்து அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. மழைக்கால மூட்டம் இறங்கினால் அவள் வீட்டில் சிக்னல் போய்விடும். நாற்பது நிமிடம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று திரும்பத் திரும்ப அழைத்தேன். குளத்தை வெட்டிய வாரம், முதல் கன்று போட்ட வாரம், அக்காவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அடுத்த நாளே கரட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. கங்காணி அம்மாவுக்கு ஒரு பகல் அவகாசமாவது கொடுத்தார். நான் என் அக்காவுக்கு அதையும் கொடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் எடுத்தாள்.

“அக்கா, அழிச்சிட்டியா?”

“எதை?”

“அந்த விண்டோஸ் பாதிய. காலைல அனுப்பினேனே.”

“கேட்டேன், கேட்டேன். நீ சொன்ன ஒடனே நான் அழிச்சிருவேனாடா? இந்தப் பக்கம் மாடு கண்ணுல தெரியட்டும், அப்பறம் பாக்கலாம்னு வச்சிருக்கேன்.”

எந்தப் பழக்கத்துக்காகக் காலையில் அவளைத் திட்டினேனோ, அதுதான் பண்ணையைக் காப்பாற்றி வைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். “சரி சரி, வேலையப் பாரு” என்றாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே வேலையைப் பார்த்தோம். விண்டோஸை ஒருமுறை எழுப்பி, அந்த அரைத் தூக்கப் பழக்கத்தை நிறுத்தி, முழுதாகத் தூங்க வைத்தோம். விளையாட்டை லினக்ஸ் பக்கம் நகலெடுத்தோம். பொய் சி டிரைவுக்குள் அக்கா தானே வழி கண்டுபிடித்துப் போய்ப் பண்ணையை இறக்கி வைத்தாள். படம் தெரிந்தது, இந்த முறை சாகவில்லை. மாடுகளை எண்ணினோம், பதினொன்றும் இருந்தன. வேலியை யாரும் மூடியிருக்கவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் கீழ்வீட்டு அம்மையாரைப் படியேற வைத்தது.

ஆட்டம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன். மாடு கண்ணில் தெரிந்துவிட்டதே, இனியாவது அந்தப் பக்கத்தை அழித்துவிடலாமே?

அக்கா திருப்பிக் கேட்டாள். “காம்பிரா சாவி ஒங்கிட்டதானே இருக்கு?”

“இருக்குக்கா.”

“அப்ப இதுவும் இருக்கட்டும்.”

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவள் கணினி விழித்தவுடன் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களைக் காட்டி, எந்தப் பக்கம் போவது என்று பத்து வினாடி காத்திருக்கிறது. சும்மா இருந்தால் தானே லினக்ஸுக்குள் போய்விடும், அக்காவும் எதையும் தொடுவதில்லை. இங்கே என் மேசையில் சாவிக்கொத்து கிடக்கிறது. அதில் பிரேமன் வீட்டுச் சாவி ஒன்று, சைக்கிள் சாவி ஒன்று, வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கிற ஒரு கதவின் சாவி ஒன்று.