பௌர்ணமிக்கு ஏறாத மீட்டர்

எங்கள் தெருவில் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். வீட்டில் எப்போது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அதுவே அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிவிடுமாம். மனைவி போன பிறகு நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று கவனிக்க ஆளில்லை. மீட்டராவது கவனிக்கட்டுமே என்று மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டேன்.

அது கவனிக்கத்தான் செய்தது. ஒரு நாள் காலையில் மின்சார அலுவலகத்திலிருந்து இளம் பெண் பொறியாளர் ஒருவரும் லைன்மேனும் வந்து நின்றார்கள். மின்திருட்டு சந்தேகமாம். தாலுகா அலுவலகத்தில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டியவன் நான். ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. சுருக்கென்று கோபம் வந்தது.

அந்தப் பெண் கைப்பேசியில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினாள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்குப் போகும் மின்சாரமும், வீட்டு மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து காட்டும் கணக்கும் பௌர்ணமிதோறும் இடிக்கிறது. யாரோ மீட்டரில் ஏறாமல் இழுக்கிறார்கள். கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையில் பௌர்ணமி என்றால் வீட்டுக்கு வீடு கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்தான். கிரைண்டர், ஹீட்டர், மோட்டார் என்று எல்லார் கோடும் ஏறுகிறது. என் கோடு மட்டும் படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதனால் கம்ப்யூட்டர் என் வீட்டைக் கைகாட்டியிருக்கிறது.

"உங்க வீட்டுக்கும் பௌர்ணமிக்கு ஆளுங்க வருவாங்க இல்லைங்களா, சார்?" என்று கேட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வராம? வேலூர்ல இருந்து மச்சானுங்க குடும்பத்தோட வருவாங்க. வீடு கொள்ளாது" என்றேன்.

மனைவி இருந்தவரை அது உண்மை. அவர்கள் அவள் முகத்துக்காக வந்தார்கள், என்னுடைய சிடுசிடு முகத்துக்காக அல்ல என்பது காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இதை மகள் வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

பொறியாளரின் முகம் மாறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு நிறைய ஆள், மீட்டரில் ஒன்றுமில்லை என்றால் நானே திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரிதானே? இணைப்பைத் துண்டித்து வழக்குப் போட்டுவிடுவார்கள். லைன்மேன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வயரை மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்தார். பொறியாளர் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அண்ணா வீட்டில் பௌர்ணமி என்றால் எப்போதும் ஜேஜே என்று கூட்டம்தான், போன மாதம்கூட வந்திருந்தார்கள் என்று அடித்துச் சொன்னார். நான் பௌர்ணமிதோறும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாததா என்ன? தெரிந்தும் எனக்காகப் பொய் சொன்னார்.

"யாரும் வர்றதில்லைங்க" என்றேன். "அவ போனப்புறம் ஒருத்தரும் வர்றதில்ல. ஒரு லைட்டு, ஒரு ஃபேனு. அவ்ளோதான் நான்."

லைன்மேன் ஏணியிலிருந்து இறங்கி, வயரில் ஒன்றும் இல்லை என்றான். ஒருவர் மட்டுமே வசிக்கிறார் என்று பொறியாளர் கைப்பேசியில் பதிந்துகொண்டு, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மா என்னை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டார். தெருக்கோடியில் பௌர்ணமிக்கு மட்டும் முளைக்கும் கடைக்காரர்கள் கம்பத்து வயரில் கொக்கி போட்டு மின்சாரம் இழுத்தது பிறகு பிடிபட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த பௌர்ணமி அன்று சாயங்காலமே எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டேன். ஃபேன்களைச் சுழலவிட்டேன். குளிக்க ஆளில்லாமல் ஹீட்டரும் ஓடியது. மறுபடி யாராவது வந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் என்னால் தாங்க முடியாது. வாசலில் கிரிவலக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஊர்ல இருந்து வந்துட்டாங்களாண்ணா?"

"யாருமில்லம்மா" என்றேன். "மீட்டருக்காகப் போட்டேன்."