வண்டிக்குள் உட்கார ஒரு ஆள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கடைத்தெரு வைத்த பெயர் 'அஞ்சு நிமிஷம்'. வேனை நிறுத்தியதும் யார் முறைத்தாலும் அவர் சொல்கிற ஒரே வசனம் அதுதான். ஃப்ரிட்ஜோ, வாஷிங் மெஷினோ, பீரோவோ, எதை எத்தனை மாடி ஏற்றினாலும் அவர் வாயில் அஞ்சே நிமிஷம். பதினாறு வருஷமாக இந்தப் பொய்யைச் சொல்லித்தான் குடும்பம் நடத்துகிறார்.

பாவம், வேறு என்ன செய்வார்? சரக்கு இறக்கவென்று மஞ்சள் கோடு போட்ட இடத்தில் பல் டாக்டரின் கார் விடிந்ததிலிருந்து குடியிருக்கும். பின்பக்கம் போ என்பார் காவலாளி. பின்பக்கக் கேட்டில் பூட்டுத் தொங்கும். சாவி முன்பக்கத்துக் காவலாளியின் சட்டைப்பையில் இருக்கும். இந்த நகரத்தைக் கட்டிய மகான்களுக்கு, சாமானெல்லாம் வானத்திலிருந்து நேராக வீட்டுக்குள் விழும் என்று நினைப்பு.

அந்த வருஷம் போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் அவருடைய வேனை இரண்டு தடவை தூக்கிப் போய்விட்டார்கள். மூன்றாவது தடவை தூக்கினால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, குடோனில் அட்டைப்பெட்டி ஒட்ட உட்கார வைத்துவிடுவேன் என்றார் முதலாளி. ஸ்டியரிங் பிடித்த கையில் பசைத் தூரிகையா?

டிரைவர்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு: உள்ளே ஆள் இருந்தால் வண்டியைத் தூக்கக் கூடாது. ஆனால் ஆளுக்கு எங்கே போவது? மனைவிக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். மிச்சம் மாமியார்தான். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்து, நோயாளியைப் பார்க்க வருபவர்களை விரட்டியே தொண்டை வளர்த்தவர். மாப்பிள்ளையின் பிழைப்பைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் வீட்டில் சுவரைப் பார்ப்பதற்கு இது தேவலை என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

இரண்டு வாரம் திட்டம் பிரமாதமாக ஓடியது. மூன்றாவது வாரம், லிஃப்ட் ஓடாத ஒரு கட்டிடம். சுமைக்காரரும் அவருமாக ஃப்ரிட்ஜை நாலு மாடி ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தால், வேனையும் காணோம், மாமியாரையும் காணோம்.

அலறியடித்துக்கொண்டு, தூக்கிய வண்டிகளை நிறுத்தும் மைதானத்துக்கு ஓடினார். கேட்டைத் தாண்டியதுமே கத்தினார்: "சார், என் வேன் எங்க சார்?"

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டே, வேன் நின்ற பக்கம் முகவாயால் காட்டினார். நடந்தது இதுதான்: கால் வலிக்கிறதே என்று மாமியார் சீட்டில் நீட்டிப் படுத்து அசந்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஆள் தெரியவில்லை. தூக்கிவிட்டார்கள். மைதானத்தில் கண் விழித்தவர், கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, முப்பது வருஷத் தொண்டையைத் திறந்திருந்தார்.

"ஆளோட தூக்கிட்டு வந்திருக்கீங்க! அபராத ரசீதைக் கிழிச்சுப் போடுங்க, அப்பதான் இறங்குவேன்."

"அம்மா, நிறுத்தக் கூடாத இடத்துல நிறுத்தியிருந்தாங்கம்மா."

"சரி தம்பி, நிறுத்தக்கூடிய இடம் எது? அந்தத் தெருவுல ஒண்ணே ஒண்ணு காட்டு. ரெண்டு வாரமா நானும் இங்க உட்கார்ந்து தேடிட்டுதான் இருக்கேன்."

அதிகாரி யோசித்துப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. ரசீதை நாலாகக் கிழித்துவிட்டு, "சார், புண்ணியமாப் போகும், இவங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

வேன் தெருவுக்கு வந்தது. மூன்றாவது தடவை என்பது கணக்கில் ஏறவே இல்லை. அவருக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது. அப்போது மாமியார் வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, உள்ள வந்ததும் வேன் எங்கன்னுதானே கேட்டீங்க?"

அவர் விசிலை விழுங்கினார். "ஆமா அத்தை. முதல்ல உங்களைக் கேட்காதது தப்புதான்."

"தப்பு என்ன இருக்கு? உங்க மாமனார் ஆறு வேலையைத் தொலைச்சாரு. ஒண்ணுக்காவது இப்படிப் பதறி ஓடியிருந்தா, நான் முப்பது வருஷம் பெட்பேன் கழுவியிருக்க வேண்டாம்."