கட்டிலைத் தட்டிய கை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கதை விட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது நான் என் கண்ணால் பார்த்தது.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் வீட்டார், ஓர் இரவாவது தூங்கட்டும் என்று மாற்று ஆளாகப் போவதுதான் என் வேலை. அன்று போனது ஒரு பஸ் டிரைவர் வீட்டுக்கு. பக்கவாதம். பேச்சு இல்லை. இடது கை மட்டும் இரும்புப் பிடி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நான்கு வருடமாக அவர் மனைவி ஒருத்தர்தான் புரட்டுகிறார். "இப்படியே போனா அடுத்த கட்டில்ல நீங்கதான்" என்று டாக்டர் அவரைத் திட்டியிருந்தார்.

தங்கை வீட்டில் போய்த் தூங்க, இடுப்பில் தடவிய தைலம் மணக்கக் கிளம்பும்போது அந்த அக்கா சொன்னார்.

"புரட்டுறதுக்கு முன்னாடி கட்டிலை ரெண்டு தட்டு தட்டி, 'போலாம் ரைட்'னு சொல்லும்மா. இல்லாட்டி உடம்பை விட்டுக்கொடுக்க மாட்டார்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க நிம்மதியா தூங்குங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எனக்கு இந்தக் கண்டக்டர் வேலை வேறா?

ஒன்பது மணிக்குத் தட்டாமலே புரட்டினேன். மனுஷன் மரக்கட்டையாக விறைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார் பாருங்கள், உயிரே போய்விட்டது! நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்தன. ஒருவழியாகச் சுவரைப் பார்த்துப் படுக்கவைத்தேன்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டீ போடச் சமையலறைக்குப் போனேன்.

டப்... டப்...

ஓடி வந்தேன். அவர் கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, கச்சிதமாக.

அவரால் தானாக நகரவே முடியாது. வாசலுக்குப் போனேன். நான் போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. தூக்கக் கலக்கத்தில் நானே புரட்டியிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மணி. நாற்காலியை விட்டு நான் அசையவில்லை.

டப்... டப்...

என் கண்ணெதிரே போர்வை விலகியது. தலையணை நகர்ந்தது. அவர் உடம்பு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பியது. இடது கை காற்றில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

தைல வாசனை. அக்கா மேல் அடித்த அதே தைலம்...

யாரோ மூச்சு வாங்கினார்கள். நான் இல்லை. அவரும் இல்லை.

பயத்தை மீறி அழுகைதான் வந்தது. ஒரு ராத்திரி தூங்கக்கூட விதியில்லையா அந்தப் பொம்பளைக்கு!

மூன்று மணி. சத்தம் வருவதற்குள் எழுந்தேன்.

கட்டிலை நானே தட்டினேன்.

"போலாம் ரைட்... அக்கா, நான் பாத்துக்கறேன். நீங்க போய்த் தூங்குங்கக்கா..."

அவர் உடம்பு லேசாகத் திரும்பிக்கொடுத்தது.

தைல வாசனை போய்விட்டது.

காலையில் அக்கா தங்கையோடு வந்தார். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்மா. ஆனா இடுப்பு ஏன் இப்படி வலிக்குதுன்னுதான் தெரியல."

அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தேன். நான்கு விரல் தடம். சிவப்புகூட மாறவில்லை.

அக்கா உள்ளே போனதும் தங்கை என் காதருகே வந்தார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். உடம்பு ஐஸ் மாதிரி... மூச்சே இல்ல. போட்டு உலுக்கினதும் இழுத்து மூச்சு விட்டா. ஒரு மணிக்கும் அப்படியே ஆச்சு. நான் செத்துப் பொழைச்சேன்."

"மூணு மணிக்கு?"

"அப்போதான் குறட்டை விட ஆரம்பிச்சா."